‘குறைபாடுகள் யாவை?’ - ஒரு ஐந்து மார்க் கேள்விக்குள் இருக்கும் இருட்டறை

போன சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள், ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கையில் அறிவியல் நோட்டு. பாடம், ‘அணு அமைப்பு’. திங்கட்கிழமை டெஸ்ட்.

“தாம்சன் அணு மாதிரியின் குறைபாடுகள் யாவை... ரூதர்ஃபோர்டு அணு மாதிரியின் குறைபாடுகள் யாவை... போர் அணு மாதிரியின் குறைபாடுகள் யாவை...” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று என் முன்னால் நின்றாள்.

“சித்தி, ஒரு டவுட். டால்டன் சொன்னது தப்பு. தாம்சன் சொன்னது தப்பு. ரூதர்ஃபோர்டு சொன்னதும் தப்பு. எல்லாருமே தப்பாத்தான் சொல்லியிருக்காங்கன்னா, அதையெல்லாம் நாங்க ஏன் படிக்கணும்? கடைசியா எது சரியோ அதை மட்டும் சொல்லிக் கொடுத்தா போதாதா?”

கிச்சனில் இருந்து அக்காவின் குரல் வந்தது. “படிக்காம இருக்க வழி தேடுறா. நீ பதில் சொல்லிட்டு உக்காராத.”

பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். தெரிந்தால் அல்லவா? நானும் இதே பாடத்தைப் படித்தவள்தான். ‘எலக்ட்ரான் ஏன் நடுவுல போய் விழாது மிஸ்?’ என்று ஒருமுறை கேட்டு, ‘பரீட்சைக்கு வராததெல்லாம் உனக்கு எதுக்கு?’ என்று வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு கேட்கவில்லை. மார்க் வந்தது, பாடம் போய்விட்டது. இப்போது டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது தலைப்பு வைக்கிறேன். அணு என்ற வார்த்தை அணு உலை, அணுகுண்டு செய்திகளில் மட்டும்தான் கண்ணில் படுகிறது.

அன்று இரவு அவளுடைய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். விடியற்காலை மூன்று மணி ஆகிவிட்டது. இந்த வாரப் பத்தி அதிலிருந்து வந்ததுதான்.

இட்லி மாவும் தண்ணீரும்

டால்டனிடம் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர் அவர். 1808-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஒவ்வொரு தனிமமும் அதற்கே உரிய அணுக்களால் ஆனது, அணுவை உடைக்க முடியாது என்றார். இதை அவர் ஞானதிருஷ்டியில் பார்த்துச் சொல்லவில்லை. எடை பார்த்துச் சொன்னார்.

நம் வீட்டில் இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து என்பது நம் இஷ்டம். கொஞ்சம் முன்னே பின்னே போட்டாலும் இட்லி வரும், கல்லு மாதிரியோ பஞ்சு மாதிரியோ. தண்ணீர் அப்படி இல்லை. 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன்தான் சேரும். ஒன்பதாவது கிராமைக் கொடுத்தால் அது சேராமல் அப்படியே மிஞ்சிவிடும். பொருள்கள் இப்படிக் கறாராகக் கணக்கு வைத்துச் சேர வேண்டும் என்றால், அவை எண்ணிப் போடக்கூடிய துண்டுகளாக இருக்க வேண்டும். அந்தத் துண்டுக்குத்தான் அணு என்று பெயர்.

இந்த இடத்தில் ஒரு சின்ன இடைச்செருகல். ‘நம் முன்னோருக்கு அணுவைப் பற்றி அப்போதே தெரியும்’ என்று வாட்ஸ்அப்பில் உங்கள் பெரியப்பாவும் அனுப்பியிருப்பார், என் பெரியப்பாவும் அனுப்பினார். அணு என்ற சொல் நம்மிடம் வெகுகாலமாக இருக்கிறது. மிக மிக நுண்ணியது என்ற பொருளில், அழகாகவே இருக்கிறது. கிரேக்கர்களிடமும் ‘வெட்ட முடியாதது’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தது. சொல் இருந்ததில் பெருமைப்படலாம். அதை எடை போட்டுப் பார்த்தது டால்டன் காலத்தில்தான்.

கேசரியும் முந்திரியும்

உடைக்க முடியாது என்றாரே, அதை முதலில் பொய்யாக்கியவர் ஜே.ஜே.தாம்சன். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில், காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சி, அதில் ஓடும் கதிரைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் வளைத்துப் பார்த்தார். (இப்போது பரணில் கிடக்கும் பழைய பெட்டி டி.வி-யின் பிக்சர் டியூப் இதே வம்சம்தான்.) வளைவின் அளவை வைத்துக் கணக்குப் போட்டதில், அந்தக் கதிர் மைனஸ் மின்னூட்டம் கொண்ட துகள்கள் என்று தெரிந்தது. எந்த உலோகத்தை வைத்தாலும் அதே துகள். எடையோ, இருப்பதிலேயே லேசான ஹைட்ரஜன் அணுவைவிட ஏறத்தாழ 1,800 மடங்கு குறைவு. 1897-ல் நடந்தது இது. அந்தத் துகளைத்தான் எலக்ட்ரான் என்கிறோம்.

அணுவுக்குள் மைனஸ் இருக்கிறது. ஆனால் மேஜை, நாற்காலி, நாம் எல்லாம் ஷாக் அடிக்காமல் இருக்கிறோம். அப்படியென்றால் அதே அளவுக்கு பிளஸ்ஸும் உள்ளே இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது? தாம்சன் சொன்ன பதில், எங்கும் பரவலாக. பாடப்புத்தகங்களில் தர்பூசணியைச் சொல்வார்கள். எனக்குக் கேசரிதான் வசதி. பிளஸ் என்பது கேசரி. எலக்ட்ரான்கள் அதில் ஆங்காங்கே பதித்த முந்திரி.

இதில் என்ன தப்பு என்று கேட்டால் அக்கா மகள் உடனே இரண்டு பாயின்ட் சொல்வாள். எனக்கு அதைவிட, இது தப்பு என்பது எப்படித் தெரியவந்தது என்பதுதான் ஆச்சர்யம். அங்கேதான் ஓர் இருபது வயதுப் பையன் வருகிறான்.

இருட்டில் உட்கார்ந்து எண்ணியவர்கள்

எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு, 1871-ல் நியூசிலாந்தின் நெல்சன் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஸ்காலர்ஷிப் கிடைத்து 1895-ல் கேம்பிரிட்ஜ் வந்து, யாரிடம் சேர்ந்தார் தெரியுமா? இதே தாம்சனிடம். பிறகு கனடாவில் சில ஆண்டுகள். 1907-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1908-ல் நோபல் பரிசு வாங்கினார், வேதியியலுக்கு. அவரோ இயற்பியல்காரர். தான் பார்த்த மாற்றங்களிலேயே வேகமானது, தான் வேதியியலாளராக மாறியதுதான் என்று அவரே கிண்டலடித்துக்கொண்டார்.

அவருடைய கூடத்தில் ஹான்ஸ் கெய்கர் என்ற ஜெர்மானியர் உதவியாளர். எர்னஸ்ட் மார்ஸ்டன் என்பவர் இன்னும் பட்டம்கூட வாங்காத மாணவர். 1909-ல் மார்ஸ்டனுக்கு வயது 20. என் மகேந்திரா பேருந்து அனுபவங்களைத் தவிர அந்த வயதில் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் கூடத்தில் நடந்துகொண்டிருந்த வேலை இது. ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருளில் இருந்து ஆல்பா துகள்கள் நொடிக்கு 15,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் கிளம்பும். எலக்ட்ரானைவிட 7,000 மடங்குக்கும் மேல் கனமானவை. பிளஸ் மின்னூட்டம் கொண்டவை. அவற்றை மெல்லிய தங்கத் தகட்டின் மீது விடுவார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டும் தங்க ரேக்கைப் பார்த்திருப்பீர்கள், ஊதினால் பறக்குமே, அந்த மாதிரி மெல்லியது. துகள்கள் அதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். லேசாகத் திசை மாறும். எவ்வளவு மாறுகிறது என்று அளப்பதுதான் கெய்கரின் வேலை.

எப்படி அளப்பது? இன்றைக்கு என்றால் ஒரு கருவி, ஒரு கம்ப்யூட்டர். அன்றைக்குக் கண்தான். துத்தநாக சல்ஃபைடு பூசிய சின்னத் திரை ஒன்று இருக்கும். ஆல்பா துகள் அதில் மோதினால் மினுக் என்று ஒரு பொறி. மின்மினியைவிடச் சின்னது; மைக்ராஸ்கோப் வழியாகத்தான் தெரியும். அதைப் பார்க்க முழு இருட்டு வேண்டும். முதலில் அரை மணி நேரம் சும்மா இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பொறியாக எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று...

நைட் ஷிஃப்ட்டில் லைவ் பிளாக் ஓட்டிய அனுபவம் இருப்பதால் இந்த வலி எனக்குப் புரிகிறது. ரூதர்ஃபோர்டால் இந்த வேலையைச் செய்ய முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் திட்டிக்கொண்டே எழுந்துவந்துவிட்டதாக நண்பருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். கெய்கர் மட்டும் ராத்திரி முழுக்க அசராமல் எண்ணுவாராம். பிற்காலத்தில் கதிரியக்கத்தை எண்ணுவதற்கு ‘கெய்கர் கவுன்ட்டர்’ என்று ஒரு கருவியை அவர் உருவாக்கியதில் ஆச்சர்யம் என்ன இருக்கிறது? எண்ணி எண்ணி நொந்தவர் அல்லவா!

மார்ஸ்டனுக்கும் ஏதாவது ஓர் ஆராய்ச்சி கொடுக்கலாமே என்ற பேச்சு வந்தது. அப்போது ரூதர்ஃபோர்டு சொன்ன வேலை, ஆல்பா துகள் எதுவும் உலோகத்தில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. வரும் என்று அவர் நம்பவே இல்லை. பையன் பழகட்டும் என்று கொடுத்த வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நமக்கும் இப்படி ஒன்றைக் கொடுப்பார்கள். ‘இதுல ஒண்ணும் கிடைக்காது, ஆனா பாரு’ என்று.

கெய்கரும் மார்ஸ்டனும் கதிர் மூலத்துக்கும் திரைக்கும் நடுவில் ஈயத்தை வைத்து மறைத்தார்கள். நேராக எதுவும் திரைக்கு வர முடியாது. பக்கத்தில் உலோகத் தகடு. அதில் பட்டுத் திரும்பினால் மட்டுமே திரையில் பொறி தெரியும். தங்கம் மட்டும் இல்லை, ஈயம், வெள்ளி, செம்பு, இரும்பு, அலுமினியம் என்று வரிசையாக வைத்துப் பார்த்தார்கள்.

பொறி தெரிந்தது.

எல்லாம் திரும்பவில்லை. பிளாட்டினத்தில் பார்த்தபோது, சுமார் 8,000 துகள்களில் ஒன்று வந்த வழிப் பக்கமாகவே திரும்பியது. மார்ஸ்டன், மாடிப்படியில் எதிர்ப்பட்ட பேராசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார். ரூதர்ஃபோர்டு பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசும்போது, பீரங்கிக் குண்டை மெல்லிய காகிதத்தை நோக்கிச் சுட்டால் அது திரும்பிவந்து சுட்டவரையே அடித்த மாதிரி இருந்தது என்பார்.

ஏன் அவ்வளவு அதிர்ச்சி? கேசரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மீது ஒரு கோலிக்குண்டை வேகமாக எறிந்தால், உள்ளே புகுந்து மறுபக்கம் வரும். முந்திரியில் உரசிக் கொஞ்சம் விலகலாம். உங்கள் நெற்றியை நோக்கித் திரும்பி வராது. வந்தால், அது கேசரியே இல்லை. உள்ளே ஏதோ ஒன்று கெட்டியாக, கனமாக, ஓரிடத்தில் இருக்கிறது.

அக்கா மகளின் நோட்டில் இதன் முடிவுகள் மூன்று வரியில் இருக்கின்றன. பெரும்பாலானவை நேராகச் சென்றன, சில விலகின, மிகச் சில திரும்பின. அடுத்த வரியிலேயே ‘எனவே அணுவின் மையத்தில் உட்கரு உள்ளது’. அந்த ‘எனவே’வுக்கு ரூதர்ஃபோர்டு எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். 1909-ல் சோதனை, 1911-ல்தான் கட்டுரை. அதிலும் நடுவில் இருப்பது பிளஸ்ஸா, மைனஸ்ஸா என்று அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. உட்கரு என்ற சொல்லையும் அதில் பயன்படுத்தவில்லை. அதன் பிறகும் விடவில்லை. தன் கணக்கு சரியா என்று சோதிக்க கெய்கரையும் மார்ஸ்டனையும் மறுபடி இருட்டறைக்கு அனுப்பினார். 1913-ல் அவர்கள் முடித்தபோது, எண்ணிய பொறிகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

‘ரூதர்ஃபோர்டு தங்கத் தகடு சோதனை’ என்றுதான் நோட்டில் இருக்கிறது. எண்ணியவர்களின் பெயர் இல்லை. டெஸ்க்கில் வேலை பார்ப்பவளாக இது எனக்குக் கொஞ்சம் சுட்டது.

கிரவுண்டில் ஒரு கொண்டைக்கடலை

உட்கரு எவ்வளவு சின்னது? குறுக்களவு 140 மீட்டர் உள்ள ஒரு கிரிக்கெட் மைதானத்தைத் தங்க அணு என்று வைத்துக்கொண்டால், பிட்ச் நடுவில் ஒரு கொண்டைக்கடலை வைத்த மாதிரி இருக்கும் அதன் உட்கரு. ஹைட்ரஜன் என்றால் கடலைகூட இல்லை, கடுகு. ஆனால் மொத்த எடையில் 99.9 சதவிகிதத்துக்கும் மேல் அந்தக் கடலைக்குள்தான். மீதி மைதானம் முழுக்க எலக்ட்ரான்களின் ராஜ்யம்.

“அப்போ என் கை ஏன் இந்தச் சுவத்துக்குள்ள போகல?” என்றாள் அக்கா மகள். கையின் எலக்ட்ரான்கள் சுவரின் எலக்ட்ரான்களை நெருங்க விடுவதில்லை. கடுகுக்கும் கடுகுக்கும் மோதல் நடப்பதே இல்லை. எல்லைக்கோட்டிலேயே தகராறு.

நான் வகுப்பில் கேட்டுத் திட்டு வாங்கிய கேள்வியைத்தான், ரூதர்ஃபோர்டின் மாதிரியில் அன்றைய அறிவியலாளர்களும் கேட்டார்கள். மின்னூட்டம் உள்ள ஒரு பொருள் வட்டமடித்தால் ஆற்றலை ஒளியாக இழந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அதற்கு முன்பே நிரூபணமான விதி. ஆற்றல் குறைந்தால் சுற்று சுருங்கும். சுருங்கிச் சுருங்கி உட்கருவில் விழ வேண்டும். கணக்குப் போட்டால், ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அணு முடிந்துபோக வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுப் பித்தளை அண்டா மூன்று தலைமுறையாக அப்படியே இருக்கிறது. (இதைப் படித்தபோது, ‘மிஸ், இது பரீட்சைக்கு வரும் மிஸ்’ என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.)

இதற்கு வழி சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர். பெயரே போர், பாடம் போர் இல்லை. 1911-ல் தாம்சனிடம் படிக்க வந்து, 1912-ல் ரூதர்ஃபோர்டிடம் போய்ச் சேர்ந்தார். 1913-ல் அவர் சொன்னது கிட்டத்தட்ட அடாவடி. எலக்ட்ரானுக்குச் சில குறிப்பிட்ட பாதைகள் மட்டுமே அனுமதி. அந்தப் பாதையில் இருக்கும் வரை ஆற்றலை இழக்காது. ஒரு பாதையில் இருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மட்டும் ஒளி வரும், அல்லது போகும். ஏன் அப்படி என்று கேட்டால், அன்றைக்கு அவரிடமும் முழுப் பதில் இல்லை.

ஆனால் கணக்கு ஒத்துப்போனது. ஸ்விட்சர்லாந்தில் பால்மர் என்ற பள்ளிக்கூட வாத்தியார், ஹைட்ரஜன் வாயு வெளியிடும் ஒளிக்கோடுகளின் எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை 1885-லேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏன் அந்த ஒழுங்கு என்று கால் நூற்றாண்டாக யாருக்கும் தெரியவில்லை. போரின் தாவல் கணக்கைப் போட்டால் அதே எண்கள் வந்தன.

இதை நீங்கள் கிச்சனிலேயே பார்த்திருப்பீர்கள். உப்புப் போட்ட தண்ணீர் பொங்கி அடுப்பில் வழியும்போது, நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பில் உள்ள சோடியத்தின் எலக்ட்ரான், சூட்டில் மேலே ஏறி மறுபடி கீழே இறங்கும்போது விடுகிற ஒளி அது. சோடியத்துக்கு எப்போதும் அந்த மஞ்சள்தான். ஸ்ட்ரான்ஷியத்துக்குச் சிவப்பு, பேரியத்துக்குப் பச்சை. சிவகாசிக்காரர்களுக்கு இது வேதியியல் பாடம் இல்லை, தொழில். பேரியம் உப்புகளைப் பட்டாசில் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை போட்டபோது, அங்கே பச்சை நிறமே பிரச்னை ஆனது.

உலகப்போரும் அணு எண்ணும்

அக்கா மகளின் நோட்டில் ஒரு மார்க் கேள்வி ஒன்று. ‘அணு எண் என்றால் என்ன?’ விடை: உட்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான். இதன் பின்னால் இருப்பவரைப் படித்தபோதுதான் மணி மூன்றானதே எனக்குத் தெரியவில்லை.

ஹென்றி மோஸ்லி. ரூதர்ஃபோர்டின் மான்செஸ்டர் கூடத்தில் இருந்தவர். 1913-ல் ஒவ்வொரு தனிமமாக எடுத்து, அதில் இருந்து வரும் எக்ஸ் கதிரை அளந்தார். தனிமம் மாற மாற அளவு ஒழுங்காக, படி ஏறுவதுபோல ஏறியது. படி ஒவ்வொன்றும் உட்கருவின் மின்னூட்டத்தில் ஒன்று கூடுவதைக் காட்டியது. அதுவரை தனிம வரிசையில் எண் என்பது வருகைப் பதிவேட்டு நம்பர் மாதிரிதான். எடை வரிசைப்படி அடுக்கினால் நிக்கல் முன்னால், கோபால்ட் பின்னால் வர வேண்டும். குணங்களோ நேர்மாறாகச் சொன்னன. மோஸ்லியின் அளவீடு, கோபால்ட் 27, நிக்கல் 28 என்று தீர்த்துவைத்தது. படிகள் விட்டுப்போன இடங்களும் தெரிந்தன. 43, 61, 72, 75. அங்கே இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்கள் இருக்கின்றன என்று அர்த்தம்.

1914-ல் உலகப்போர் வந்தது. மோஸ்லி ராணுவத்தில் சேர்ந்தார். 1915 ஆகஸ்ட் 10-ம் தேதி, துருக்கியின் கலிபோலியில் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். வயது 27. அவர் காலியாகக் காட்டிய இடங்களில் 72-ம் எண் தனிமம் 1923-ல் கிடைத்தது, நீல்ஸ் போரின் கோபன்ஹேகன் கூடத்தில். கடைசியாக 61 கிடைத்தது 1945-ல்.

இருட்டறையில் ஒன்றாக உட்கார்ந்து பொறி எண்ணிய இருவர் என்ன ஆனார்கள்? கெய்கர் ஜெர்மன் பீரங்கிப் படையில். மார்ஸ்டன் நியூசிலாந்து சார்பில் பிரான்ஸ் போர்முனையில். எதிரெதிர் அணிகள்.

மான்செஸ்டரில் படித்த ஜேம்ஸ் சாட்விக், கெய்கரிடம் ஆராய்ச்சி செய்யலாம் என்று 1913-ல் பெர்லின் போனார். போர் மூண்டதும் பிரிட்டிஷ்காரர் என்பதற்காகப் பிடித்து, பெர்லினுக்கு அருகில் குதிரைப் பந்தய மைதானத்தில் அமைத்த முகாமில் அடைத்துவிட்டார்கள். குதிரை லாயத்தில் வாசம், நான்கு ஆண்டுகள். அந்தக் காலத்தில் ஜெர்மனியில் கதிரியக்கப் பொருள் கலந்த பற்பசை விற்றது. (ஆமாம், பல் பளிச்சிடும் என்று!) அதை வாங்கிவரச் சொல்லி முகாமிலேயே சோதனை செய்து பார்த்திருக்கிறார் மனிதர். உட்கருவில் புரோட்டானோடு மின்னூட்டம் இல்லாத இன்னொரு துகளும் இருக்க வேண்டும் என்று ரூதர்ஃபோர்டு 1920-ல் ஊகித்தார். அந்த நியூட்ரானை 1932-ல் கண்டுபிடித்தது, இந்தக் குதிரை லாயத்து சாட்விக்தான்.

அப்பாவுக்கு ஒரு நோபல், பையனுக்கு ஒரு நோபல்

ஞாயிறு காலை, காபியோடு இதையெல்லாம் சொன்னேன். பாதியில் அக்காவும் வந்து உட்கார்ந்துவிட்டாள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, நனைத்த கரண்டிக் காம்பில் உப்பைத் தொட்டுக் காட்டினேன். மஞ்சள். “இது தினமும் நடக்குதேடி!” என்றாள் அக்கா.

“சரி சித்தி, போர் மாடல்ல என்ன குறைபாடு?” மகள் காரியத்திலேயே கண்ணாக இருந்தாள்.

அவர் கணக்கு ஹைட்ரஜனுக்குக் கச்சிதம். இரண்டு எலக்ட்ரான் உள்ள ஹீலியத்துக்கே உதைத்தது. பாதைகள் என்ற எண்ணமும் நிற்கவில்லை. எலக்ட்ரான், கோலிக்குண்டு மாதிரி உருண்டு ஓடும் பொருள் மட்டும் இல்லை, அலையாகவும் நடந்துகொள்கிறது. 1926-ல் ஷ்ரோடிங்கர் அந்த அலைக்குச் சமன்பாடு எழுதினார். எலக்ட்ரான் இந்த நொடி இந்த இடத்தில் என்று கோடு போட முடியாது. இங்கே இருக்க வாய்ப்பு அதிகம், அங்கே குறைவு என்று புகைமூட்டம் மாதிரிதான் வரைய முடியும். நோட்டில் காம்பஸ் வைத்துப் போடும் வட்டங்கள் எதுவும் நிஜத்தில் இல்லை. ஆனால் ஆற்றலுக்குப் படிகள் உண்டு என்று போர் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. வட்டங்களை அந்தப் படிகளாக எடுத்துக்கொண்டால், ஒன்பதாம் வகுப்புக்கு அது போதும்.

எலக்ட்ரான் அலை என்று சோதனையில் காட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் தாம்சன். மெல்லிய தகட்டின் வழியே எலக்ட்ரான்களை அனுப்பி, அவை ஒளியைப் போல வளையங்கள் போடுவதைக் காட்டினார். 1937-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எலக்ட்ரானைத் துகளாகப் பிடித்துக்கொடுத்த, 1906-ல் நோபல் வாங்கிய ஜே.ஜே.தாம்சனின் சொந்த மகன் அவர். அப்பா அப்போது உயிரோடுதான் இருந்தார். 1940-ல்தான் இறந்தார்.

“அப்போ தாம்சனை ஒரு தடவை ஸ்டூடன்ட் தப்புன்னு காட்டினாரு, இன்னொரு தடவை பையனே காட்டிட்டாரா?” என்று சிரித்தாள் அக்கா மகள்.

“தப்புன்னு காட்டலடி. அப்பா பாத்ததும் இருந்துச்சு, பையன் பாத்ததும் இருந்துச்சு.”

“நான் அதை எழுதினா மார்க் போடுவாங்களா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. குறைபாடுகளைப் பாயின்ட் பாயின்ட்டாகவே எழுதச் சொன்னேன், மார்க் அவளுடையது. கடைசியில் இடம் இருந்தால் மார்ஸ்டன் பெயரை மட்டும் எழுதிவிட்டு வா என்றேன்.

புதன்கிழமை டெஸ்ட் பேப்பர் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு 5-க்கு 4. போன ஒரு மார்க், மார்ஸ்டனால் இல்லை. படத்தில் பாகங்களைக் குறிக்க மறந்ததால். அவள் அதைப் பற்றிப் பேசப் போன் செய்யவில்லை.

“சித்தி, பிளஸ்ஸும் பிளஸ்ஸும் தள்ளிக்கும்தானே? தங்கத்தோட உட்கருவுல 79 புரோட்டான் இருக்கு. எல்லாமே பிளஸ். அது எப்படி அந்தக் கொண்டைக்கடலைக்குள்ள தெறிக்காம ஒண்ணா இருக்கு?”

அடுத்த வாரம் வரை டைம் கேட்டிருக்கிறேன்.